வாயில்லா நோயாளியும் வளர்ப்போன் கடனும்

யாழ்ப்பாணத்து வளவொன்றின் எல்லையை அறிய விரும்புவோன் காணி உறுதியைப் புரட்டிப் பார்க்கவேண்டிய தேவையில்லை. படலையைத் தள்ளித் திறந்தாற் போதும். எவ்விடத்தில் நாய் குரைக்கத் தொடங்குகின்றதோ அவ்விடமே எல்லை. கிடுகு வேலிகளும் பனையோலை வேலிகளும் பல இடங்களில் மதில்களாக மாறிவிட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. கோழிக்கூட்டையும் வாழைத்தோட்டத்தையும் காவல் செய்வதும், பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றுவிட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியோர்க்கு இராத்துணையாவதும் அந்த நாயே. அதற்கு ஈடாக அது பெறுவது மிஞ்சிய சோறும் குழம்பும், திண்ணையோரத்தில் விரித்த ஒரு சாக்குமே. இவ்வுடன்படிக்கை எழுதப்படாதது, எனினும் இரு தரப்பாரும் அதனை நன்கறிவர்.

இத்தகைய நாயொன்றின் விலாவிலோ முலையருகிலோ ஒருநாள் ஒரு கட்டி தென்படுகின்றது. கண்டவர் தடவிப் பார்க்கிறார். நாய் நோவைக் காட்டவில்லை. தானாகக் கரைந்துவிடும் என்று கூறி அவர் எழுந்து போகிறார். மாதங்கள் சில கழிந்தபின், அக்கட்டி தேங்காயளவினதாகத் தொங்கி, வெடித்து, இலையான் மொய்க்கும் நிலையில், இனி என்ன செய்தும் பயனில்லை என்று அதே மனிதர் கூறுகிறார். முதலிலும் ஒன்றும் செய்யப்படவில்லை. இறுதியிலும் ஒன்றும் செய்யப்படவில்லை. முன்னதற்குக் காரணம் தேவையின்மை. பின்னதற்குக் காரணம் காலங் கடந்தமை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாட்களில் நாயை வளர்த்தவனுக்கு இருந்த கடன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. வைத்தியம் பற்றியது போலத் தோன்றும் இவ்வினா அடிப்படையில் ஒழுக்கவியல் சார்ந்ததாகும்.

ஒழுக்கவியல் வினாவாயினும் பொருளின் இயல்பை அறியாது அதற்கு விடை கூறுதல் இயலாது. நாயின் உடலில் தோன்றும் கட்டிகள் யாவும் ஓரினத்தனவல்ல. கடியுண்ட இடத்தில் சீழ் சேர்ந்து, சில நாட்களுள் வீங்கிச் சூடேறி நோவு தருவது ஒன்று. முதிர்ந்த நாய்களில் தோலின்கீழ் மெத்தென்றிருந்து, விரலுக்கு நழுவி, ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் தீங்கின்றிக் கிடக்கும் கொழுப்புக் கழலை இன்னொன்று. நுளம்பின் வாயிலாகப் பரவும் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் என்னும் நூல் போன்ற புழு தோலின்கீழ் வாழ்வது. அதனாலும் முடிச்சுக்கள் தோன்றலாம். இலங்கை நாய்களிற் காணப்படும் இப்புழு, நுளம்பு வழியே மனிதரையும் அடைந்து, கண்ணருகிலும் உடலின் பிற இடங்களிலும் கட்டிகளைத் தோற்றுவித்தமையை இந்நாட்டு வைத்தியர்கள் பன்முறை பதிவுசெய்துள்ளனர். நாயின் கட்டி நாயோடு முடிந்துவிடும் என்று கருதுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

பெட்டை நாய்களின் முலைக்கட்டி தனியே நோக்கற்பாலது. கருத்தடை செய்யப்படாது முதிர்ந்த பெட்டைகளிலேயே அது மிகுதியாகத் தோன்றும். அவற்றுள் ஏறத்தாழ அரைப்பங்கு தீயன என்பது கால்நடை வைத்திய நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவருவது. தீயன நுரையீரல்வரை பரவ வல்லன. முதற் பருவம் வருமுன்னர் சூலகத்தை அகற்றிவிடின் இந்நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதாகிவிடும் என 1969இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அவ்வாய்வின் கணக்குகளைப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனராயினும், அறிவுரை முற்றாகக் கைவிடப்படவில்லை. குடாநாட்டிலோ ஆண் குட்டிகளுக்கே கேள்வி அதிகம். பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் போட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ கொண்டுபோய் விட்டுவருவது பலருக்குக் குற்றமாகத் தோன்றுவதில்லை. குட்டிகளை எறியவேண்டிய நிலையைத் தடுக்கும் அதே சத்திரசிகிச்சை தாயின் முலைக்கட்டியையும் தடுக்கக்கூடியது என்பதை அவர்கள் அறிந்திருப்பின் அச்சாக்குகள் பல வீட்டிலேயே இருந்திருக்கும்.

இக்கட்டிகளை வேறுபிரித்து அறிதல் எவ்வாறு? விரைவில் வளர்வதும், கடினமாக இறுகி அசையாதிருப்பதும், புண்ணாவதும், நாய் மெலிவதும் அஞ்சத்தக்க குறிகள். ஆயின் குறிகள் இல்லாமை அச்சமின்மைக்குச் சான்றாகாது. மாஸ்ற் கலக்கட்டி எனப்படும் ஒருவகைப் புற்று, கொழுப்புக் கழலை போன்றே மெத்தென்றிருந்து, தேர்ந்த வைத்தியரின் விரலையும் ஏமாற்றிவிடும். ஆகவே கட்டியைக் கண்டுபிடிப்பது கை. அதற்குப் பெயரிடுவது கையன்று. மெல்லிய ஊசியாற் கட்டியிலிருந்து சிறிதளவு கலங்களை எடுத்து, கண்ணாடித் தகட்டிற் பரப்பிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்குவதே பல வேளைகளில் முதற்படி. நாயை மயக்கவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. சுண்ணாம்பு பூசுவதும், பழுக்கக் காய்ச்சிய கம்பியாற் சூடு வைப்பதும், வாகனத்தின் கழிவு எண்ணெயைத் தடவுவதும் கட்டியின் பெயரை மறைப்பனவே தவிர வேறல்ல. வீட்டிலுள்ள நோவு மாத்திரைகளைக் கொடுப்பதோ அதனினும் கேடானது. மனிதருக்கு ஏற்ற மாத்திரைகள் நாயின் குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், வைத்தியத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என நான்கு கூறாக வகுத்து முடிகின்றது. உரை காண்போர் பெரும்பாலும் வைத்தியனிடத்திலும் மருந்திலுமே கருத்தூன்றுவர். நாயின் நோயில் இவ்வரிசை தலைகீழாகின்றது. நோயாளி இங்குப் பேசான். பேசாதது மட்டுமன்றி, நோவை மறைப்பதும் அவன் இயல்பு. உணவுண்ணும் வரையும் வாலாட்டும் வரையும் அவனுக்கு ஒன்றுமில்லை என்றே வீட்டார் எண்ணுவர். எனவே பணிபுரிவோன் என்னும் நான்காமவன், தன் கடமையோடு நோயாளியின் கடமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியவனாகிறான். எப்போது தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எதனை உண்ண மறுத்தது என்பவற்றை அவனே சொல்லவேண்டும். அவன் பார்க்காதிருந்தால் அந்நோய்க்குச் சாட்சியே இல்லை.

இதிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். நாயின் கட்டி தொடர்பாக வளர்ப்போனுக்குள்ள முதற்கடன் அதனைக் குணமாக்குவதன்று; அது என்னவென்று அறிவது. குணமாக்கல் அவன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். பணம் இல்லாதிருக்கலாம், நோய் முற்றியிருக்கலாம். அவை குற்றமாகா. பழிக்குரியது, அறியாமலிருப்பதற்காகவே தொடாமலிருப்பது. அறிந்தால் செலவு வரும், அல்லது துயரம் வரும், அல்லது ஏதேனும் ஒரு முடிவை எடுக்கவேண்டி வரும் என்று அஞ்சி அறியாமையைத் தேர்ந்துகொள்வது. அறியாமை தானாக வந்ததா, ஒருவன் தானே வருவித்துக்கொண்டதா என்று பிரித்து நோக்கிய அரிஸ்டோட்டில், குடிமயக்கத்திற் குற்றமிழைத்தோனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை எடுத்துக்காட்டினார். குடியாதிருத்தல் அவன் கையில் இருந்தது என்பதே காரணம். படலையடியிற் படுத்திருக்கும் நாயை ஒருமுறை தடவிப் பார்ப்பதும் அவ்வாறே கையில் உள்ளது.

"நாய்தானே" என்ற ஒரு சொல்லால் இவ்வளவையும் தள்ளிவிடுவோர் உளர். அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு மெய்யியலும் உண்டு. விலங்கைப் பொறியாகக் கண்ட டேக்கார்ட்டை இன்று அதிகம் பேர் பின்பற்றுவதில்லை. ஆனால் இம்மானுவேல் கான்ற் கூறியது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று; ஏனெனில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே முதுமையுற்ற நாய்தான். நெடுங்காலம் உழைத்த நாயை, இனி உதவாது என்று சுட்டுவிடும் எசமானன் நாய்க்குச் செய்யவேண்டிய கடனில் தவறவில்லை. தன்னிடமுள்ள மனிதத்தன்மையையே புண்படுத்துகிறான் என்பது அவர் கொள்கை. விலங்குக்கு நேரே எக்கடனும் இல்லை. மனிதன் கொடியனாகிவிடாதிருக்கவே கருணை வேண்டும் என்பது இதன் பொருள். நோயுற்ற நாயின் அருகில் வைத்துப் பார்க்கும்போது இக்கொள்கை நிற்பதாகத் தெரியவில்லை. கட்டியினால் வரும் நோவு நாயினுடையது. வளர்ப்போனுடைய குணப்பயிற்சிக்காக அந்நோவு தோன்றவில்லை. 1789இல் வெளியான தம் நூலில், ஓர் உயிர் பேசுமா சிந்திக்குமா என்பதல்ல, துன்புறுமா என்பதே வினா என்ற கருத்தை முன்வைத்த பெந்தம் இவ்விடத்தில் கான்ற்றைவிட அணித்தே நிற்கிறார்.

சைவச்சூழலில் இம்மறுப்பு வேறு வடிவம் கொள்ளும். அவ்வுயிர் தன் வினைப்பயனை நுகர்கின்றது, அதிற் குறுக்கிடல் ஆகாது என்பர். சித்தாந்தம் நாயையும் மனிதனையும் பசு என்ற ஒரே சொல்லால் அடக்குவது. நாயின் நோயிற் குறுக்கிடலாகாது எனின் மனிதன் நோயிலும் குறுக்கிடலாகாது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த காலந்தொட்டு, வினையை நம்பும் யாழ்ப்பாணத்தார் வைத்தியசாலைக்குச் செல்லாமலிருந்ததில்லை. ஊருக்கு ஊர் மரத்தடியிற் சூலம் நாட்டி வழிபடப்படும் வைரவருக்கு நாயே வாகனம். அவருக்கு வடைமாலை சாத்திவிட்டுத் திரும்புவோர், வழியில் புண்பட்டுக் கிடக்கும் நாயைக் கல்லெறிந்து கலைப்பதும் அன்றாடக் காட்சியே. பாரதத்தின் இறுதியில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகத் தருமன் மறுத்த கதையையும் இங்கு நினைக்கலாம். அந்நாய் அறக்கடவுள் என்பது பின்னர் வெளிப்பட்டது. வெளிப்படாமலே போயிருந்தாலும் அவன் மறுப்பின் பெருமை குறைந்திராது, ஒருவேளை கூடியிருக்கும்.

இதுகாறும் கூறியவை ஒரு வளவுக்குள் அடங்கிய நாயைக் கருதியவை. ஆனால் குடாநாட்டு நாய் முற்றாக ஒரு வீட்டுக்கு உரியதன்று. வேலியின் அடியில் அதற்கென ஒரு பொட்டு இருக்கும். பகலில் வளவுக்கும் இரவில் ஒழுங்கைக்கும் உரியதாக அது வாழும். இப்பொட்டின் வழியே போய் வரும் ஒரு கட்டி உண்டு. நாய்களின் பிறப்புறுப்பிலும், சிலவேளை மூக்கிலும் வாயிலும் பூக்கோவா போன்று தோன்றி இரத்தம் கசியும் இப்புற்று, புணர்ச்சியாலும் முகர்ந்து நக்குவதாலும் ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது. 1876இல் நோவின்ஸ்கி என்னும் ரஷ்யக் கால்நடை வைத்தியர் இதனை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நட்டுக் காட்டினார். பிற்கால ஆய்வு அதனினும் வியப்பானதொன்றை வெளிப்படுத்திற்று. இங்கே பரவுவது கிருமியன்று, புற்றுக்கலமே ஆகும். 43 நாடுகளிலிருந்து பெறப்பட்ட 546 கட்டிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வின்படி, இவை யாவும் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவில் வாழ்ந்த ஒரே நாயின் கலங்களிலிருந்து வழிவந்தவை. அந்நாய் மாண்டு யுகங்கள் கடந்தும் அதன் கட்டி மாளவில்லை.

மனிதருக்குத் தொற்றாத இந்நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. வின்கிறிஸ்ரின் என்னும் மருந்தை வாரத்துக்கொரு முறையாகச் சில வாரங்கள் நாளத்தில் ஏற்றினால் மிகுதியான நாய்கள் தேறிவிடும். பெட்டை நாயிற் கசியும் இரத்தத்தைப் பருவக் குருதி எனத் தவறாக எண்ணி விடுவோர் பலர். இவ்வாறு விடப்பட்ட ஒரு நாய் ஒழுங்கையிலுள்ள மற்றை நாய்களுக்கு அந்நோயைக் கொடுக்கின்றது. அப்போது "என் நாய், என் விருப்பம்" என்ற வாதம் வலுவிழக்கின்றது. வேலிக்கு அப்பால் எவருக்கும் உரியதல்லாத நாய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடை கூறுதல் அரிது. சட்டம் இதில் அதிகம் உதவாது. விலங்குகளைத் துன்புறுத்தலைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அடிப்பவனைக் கருதி எழுந்தது, பாராமலிருப்பவனையும் பொட்டுவழியே நோயை அனுப்புபவனையும் அது முதன்மையாகக் கருதவில்லை. சனசமூக நிலையங்களும் கோயிற் பரிபாலன சபைகளும் வருடத்துக்கொரு நாள் கால்நடை வைத்தியரை அழைத்து ஒழுங்கை நாய்களைப் பார்ப்பித்தல் செய்யக்கூடாத காரியமன்று. திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு சிறுபகுதி இதற்குப் போதும்.

இயலாமையை இவ்வாதம் மறந்துவிடவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாய்கள் பெரும்பாலும் முற்றங்களிலேயே நின்றன. குழந்தைகளையும் நோயாளரையும் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தோரை நோக்கி, நாயை ஏன் விட்டாய் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. யுத்த காலங்களில் மனிதருக்கே மருந்து கிட்டவில்லை. கால்நடை வைத்தியரைப் பயிற்றும் பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருப்பது பேராதனையில். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. அதுவும் 2002 ஏப்பிரலில் திறக்கப்பட்டு 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டது. அந்நாட்களில் விடப்பட்ட கட்டிகளுக்கு வளர்த்தோரைப் பொறுப்பாளராக்கல் அநீதி. இன்று வீதி திறந்துள்ளது. குடாநாட்டில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் உள. கால்நடை என்ற சொல் மாட்டையும் ஆட்டையுமே நினைவூட்டுவதாலோ என்னவோ, நாயோடு அங்குச் செல்லச் சிலர் கூசுகின்றனர். அன்றைய இயலாமையை இன்றும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

எஞ்சியிருப்பது கடினமான வினா. கட்டி தீயது, பரவிவிட்டது, நோவைத் தணிக்கவும் வழியில்லை என்று வைத்தியர் கூறியபின் என் செய்வது? உயிரை வலியின்றிப் போக்கும் ஊசியைக் கேட்க யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் அஞ்சுகின்றன. அவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று இகழ்தல் தகாது. கொல்லாமையை உயர்ந்த அறமாக நெடுங்காலம் போற்றிய சமுதாயத்தின் கூச்சம் அது. யாழ்ப்பாணத்துக்கு 1927 நவம்பரில் வந்துசென்ற காந்தியடிகள் அடுத்த ஆண்டிலேயே இவ்வினாவை நேரிற் சந்தித்தார். சபர்மதி ஆச்சிரமத்தில் தீரா நோயுற்று வருந்திய கன்றொன்றை வைத்தியரின் ஊசியால் முடிவுறச் செய்ய அவர் இசைந்தார். அகிம்சையின் பெயரால் அவருக்குக் கண்டனங்கள் குவிந்தன. அவரது நிலைப்பாடு, துன்புறும் உயிரின் நன்மையொன்றையே கருதி, வேறு வழி யாதும் இல்லாதவிடத்துச் செய்யப்படுவது இம்சையாகாது என்பதாகும்.

இந்நிலைப்பாட்டை ஏற்பதிலும் ஓர் இடர் உண்டு. யாருடைய துன்பம் முடிகின்றது என்பதை வளர்ப்போன் தன்னையே ஏமாற்றிக்கொண்டு மாற்றிவிடக்கூடும். நாற்றம் தாங்கவில்லை, வீட்டுக்கு விருந்தினர் வருகின்றனர், வெளிநாட்டுக்கு விசா கிடைத்துவிட்டது என்பன நாயின் துன்பங்களல்ல. ஆயினும் மறுபக்கத்தில் நிற்கும் ஏமாற்று இதனினும் பரவலானது. ஊசிக்கு இசையாமல், வளவின் பின்மூலையில் புழு நெளியும் புண்ணோடு நாயைக் கிடத்திவிட்டு, கொலைப்பாவம் தீண்டவில்லை என்று ஆறுதலடைவோர், காத்துக்கொண்டது தம் கையின் தூய்மையை மட்டுமே. அதற்கான விலையை நாய் கொடுக்கின்றது. ஊசி வேண்டாம் என்று முடிவு செய்பவர் அம்முடிவுக்குரிய உழைப்பையும் ஏற்றல் வேண்டும்: புண்ணைக் கழுவுதல், வைத்தியர் தரும் நோவு மருந்தை நேரந்தவறாது கொடுத்தல், படுக்கையை மாற்றுதல், இரவில் எழுந்து நீர் வைத்தல். அவ்வுழைப்போடு கூடிய மறுப்பு மதிக்கத்தக்கது.

இவையெல்லாம் இறுதிக்கட்டத்துக்கு உரியவை. பெரும்பாலான கட்டிகள் அக்கட்டத்தை அடையவேண்டியவையல்ல. நாயைக் குளிப்பாட்டும் நாளில் தாடையின்கீழிருந்து தொடங்கி, அக்குள், விலா, முலை வரிசை, தொடை இடுக்கு, வாலின் அடி என்று கையை நடத்திப் பார்க்க ஐந்து நிமிடம் செல்லும். கட்டியொன்று அகப்பட்டால் அதனை நூலால் அளந்து, அளவுக்கு முடிச்சிட்டு, திகதியை எழுதி நாட்காட்டி ஆணியில் தொங்கவிடலாம். வைத்தியரிடம் செல்லும்போது அந்நூலையும் எடுத்துச் செல்லல் வேண்டும். எப்போது கண்டீர்கள், அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்பதே அவர் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கும்.